வெள்ளைத்துணி வீடு

கோமதிநாயகத்துக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. அதிலும் முந்திரிப்பருப்புத் தட்டு வைத்துக் கூட்டம் போடுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நூற்றாண்டு விழாக் குழு அன்றைக்கு முந்திரியோடு பிஸ்தாவும் வைத்திருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தருக்காவது கப்பலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் விழா மேடையில் தன் நாற்காலி எங்கே என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழா எதற்கென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் நடந்த கப்பற்படைக் கலகத்துக்கு. பருப்பில் கல்லும் வாயைத் திறந்தால் வசவுமாக எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? பம்பாயில் மாலுமிகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள், துறைமுகம் துறைமுகமாகப் பரவியது, கப்பல்களில் இங்கிலீஷ்காரன் கொடி இறங்கி நம் கொடிகள் ஏறின. சில நாள்தான். அப்புறம் சரணடையச் சொன்னார்கள், சரணடைந்தார்கள், சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் சுதந்திரமும் வந்தது. சுதந்திர நாட்டுக் கப்பற்படையும் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி அம்போவென்று விட்ட ஆட்களை, நூறு வருஷம் கழித்து, ஓட்டுக்கு ஆவார்கள் என்று எவனோ கணக்குப் போட்டுச் சொன்னதும் நாட்டுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இந்த ஊருக்கு அதில் பங்கு ‘வைப்பாறு’ என்ற கப்பல் மூலமாக. கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாருகிற சின்ன இரும்புக் கப்பல். பதினாறு மாலுமிகள், அதில் இரண்டு பேர் இந்தக் கடற்கரை ஊர்க்காரர்கள். ஒருவர் திருமலைக்கொழுந்து. அந்தக் கப்பலில் கலகத்துக்குத் தலைவர். பின்னாளில் தியாகி, எம்.எல்.ஏ., பேருந்து நிலையத்தில் சிலை. இன்னொருத்தன் சூசை மிசியர். தலைவர் அசந்த நேரத்தில் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைத்துணியை ஏற்றிக் கப்பலைக் காட்டிக் கொடுத்தவன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

“சார், எங்க தாத்தாவோட அந்த உரை மட்டும் கிடைச்சிட்டாப் போதும்,” என்றார் குழுத் தலைவர் வெற்றிச்செழியன். திருமலைக்கொழுந்தின் பேரன். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம்.

“எந்த உரை?”

“கப்பல் மேல்தளத்துல நின்னு பேசினாரே சார். ‘அலைகளே சாட்சி’ன்னு ஆரம்பிக்கும். புத்தகத்துலயே இருக்கு.”

“புத்தகம் யார் எழுதினது?”

“எங்க அப்பா.”

“அவரு கப்பல்ல இருந்தாரா?”

“அப்ப அவர் பிறக்கவே இல்லையே சார்,” என்றார் வெற்றிச்செழியன், வெகு வெள்ளந்தியாக.

கோமதிநாயகம் முந்திரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். முப்பது வருஷம் கோர்ட்டுக்குக் குரல் சோதித்துச் சான்று கொடுத்த மனுஷர். இந்தப் பதிவில் பேசுவது இன்னார்தான், இது வெட்டி ஒட்டியது என்று பிரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. அத்தனை வருஷமும் பொய்யையே காது கொடுத்துக் கேட்டதில் அவருக்கு மனுஷ ஜாதி மேலேயே ஒரு இளக்காரம் வந்துவிட்டது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

‘வைப்பாறு’ உப்பளத்துக்கு அப்பால் சேற்றில் தரைதட்டிக் கிடந்தது. ஏலத்துக்குப் போய், எஞ்சினைப் பிடுங்கிக்கொண்டு, உப்பு ஏற்றுகிற மிதவையாக ஓட்டி, கடைசியில் அதற்கும் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். கைமாறிய ஒவ்வொருத்தனும் அதற்குப் பெயிண்ட் அடித்திருந்தான். முறைப்படி பழசைச் சுரண்டிவிட்டு அடிக்க வேண்டும். எந்தக் காண்டிராக்டர் சுரண்டுவான்? சுரண்டினதாக பில்லைப் போட்டுவிட்டுப் பழசுக்கு மேலேயே பூசிவிட்டுப் போனார்கள். அந்தப் பயல்களின் திருட்டுத்தனத்தால்தான் அடியில் இருந்த பெயிண்டும் அதற்குள் பதிந்த பேச்சும் பிழைத்தன. இந்த நாட்டில் சரித்திரத்தைக் காப்பாற்றியதே இப்படிப்பட்ட களவாணிகள்தான் என்று கோமதிநாயகம் உதவியாளர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு ஆள் சைக்கிளைச் சேற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். ஐம்பத்தெட்டு வயசிருக்கும். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் வேலை, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“நான் இஞ்ஞாசி, சார். சூசை மிசியர் பேரன்.”

“ஓ, வெள்ளைத்துணியா?” என்றார் கோமதிநாயகம்.

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. இஞ்ஞாசி முகம் மாறவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகினவன். “ஆமா சார், வெள்ளைத்துணி வீடுதான். எங்க அப்பாவக் கோயில் திருவிழாவுல சப்பரம் தூக்க விடல. என்னயும் விடல. இப்ப விழாவுக்குப் பேரு செதுக்கிக் கல்லு வைக்கப் போறாங்கல்லா, அதுல பதினஞ்சு பேருதான் வருமாம். தாத்தா பேரு கிடையாதாம். அது ஒண்ணுக்காகத்தான் வந்தேன். நெசமாவே அவருதான் காட்டிக்குடுத்தாருன்னு வந்தா, சரின்னு போயிருவேன். இல்லன்னு வந்தா அந்தப் பேரைக் கல்லுல போடணும். எங்க அப்பா சாவுற வரைக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

கல்லில் பேர் வந்தால் அப்படியே கடல் உள்வாங்கிவிடுமாக்கும் என்று கோமதிநாயகம் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். அவனவனுக்கு அவனவன் தாத்தா. அந்தப் பேரனுக்கு உரை வேண்டும், இந்தப் பேரனுக்குக் கல் வேண்டும். ஆனாலும் ஆள் வெயிலில் நிற்கிறானே என்று ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

“இது எப்பிடி சார், பெயிண்டுக்குள்ள பேச்சு?” என்று கேட்டான் இஞ்ஞாசி.

“தகரத்துக்குப் பக்கத்துல நின்னு பேசினா தகரம் அதிரும்லா?”

“அதிரும்.”

“அது மேல எண்ணெய்ப் பெயிண்ட் ஈரமா இருக்கு. காயிறதுக்குள்ள எத்தனை அதிர்வு வருதோ அத்தனையும் உள்ளுக்குள்ள மயிரிழை மயிரிழையா வரி போட்டு உறைஞ்சிரும். காஞ்ச பொறவு ஒண்ணும் பதியாது. இந்தா, இந்த மிஷின் லேசரை விட்டு ஒவ்வொரு வரியா எரிச்சுப் படிக்கும். நாங்க இதைச் சுரண்டின்னு சொல்லுவோம்.”

“எரிச்சிட்டா?”

“போச்சு. ஒரு தடவைதான். படிச்ச இடம் வெறும் இரும்பு.”

இஞ்ஞாசி அந்த இரும்புச் சுவரைப் பார்த்தான். “முதல் சுவர்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே நாளா?”

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். குழுவில் ஒரு பயலும் கேட்காத கேள்வி. “ஒருத்தன் பிரஷ்ஷை வச்சிக்கிட்டு இந்த முனையில ஆரம்பிச்சு அந்த முனைக்குப் போறான்னு வச்சுக்க. இங்க முதல்ல காயும், அங்க கடைசியில காயும். சுவரோட நடந்தா அன்னைக்குப் பொழுதோட நடந்த மாதிரி.”

அடி அடுக்கில் சாதாரண நாட்களின் சத்தம்தான் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மணி அடிக்கிறது, அதிகாரி இங்கிலீஷில் திட்டுகிறான், இப்படி. மேல்தளத்து அறையின் முன்சுவரில் சுரண்டி ஊர்ந்தது. கப்பல் பக்கத்தில் அடித்திருந்த கூடாரத்துக்குள் ஸ்பீக்கரில் முதலில் இரைச்சல், அப்புறம் பிரஷ் இழுக்கும் சத்தம், அப்புறம் ஒருத்தன் ஹிந்துஸ்தானியில் பாடுகிறான், இன்னொருத்தன் பாட்டை நிறுத்தச் சொல்கிறான். பருப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்போது நாமே சமைக்கிறோம், இன்னும் கல் கிடக்கிறதே என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

‘இப்போது நாமே சமைக்கிறோம்.’ கோமதிநாயகம் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். இது கலக நாளின் பேச்சு. அதிகாரிகளை இறக்கிவிட்ட பிறகு அடித்த பெயிண்ட் இது.

ஸ்பீக்கரில் ஒரு இளங்குரல் தமிழில் கேட்டது. “கொழுந்தண்ணே, கலகம் பண்ணுறோம், இப்ப எதுக்கு பெயிண்டு?”

“சும்மா உக்காந்திருந்தா கை நமநமங்குதுலே,” என்றது இன்னொரு குரல். “துரு தெரியுது பாரு. கப்பல் இனிமே யாருக்கு? நமக்கு. நாளைக்கு நம்ம சர்க்கார் ஆளு வந்து ஏறிப் பாக்கும்போது இப்படி அழுக்கா நிக்கவா செய்யும்?”

கோமதிநாயகம் அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். சோற்றுக்கும் தண்ணீருக்கும் அல்லாடிக்கொண்டு, சுற்றிலும் பீரங்கி நிற்கும்போது, வரப்போகிற சர்க்காருக்காகக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்த பைத்தியக்காரப் பயல்கள். அந்த சர்க்கார் வந்து இவர்களுக்கு என்ன செய்தது என்பது நமக்குத்தான் தெரியுமே.

வெற்றிச்செழியனுக்குப் போனில் சொன்னபோது அவருக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. “பெயிண்டா? வெள்ளைக்காரன் கப்பலுக்கா? புரட்சி பண்ணப் போனவன் வெள்ளையடிச்சிட்டு வந்தான்னு எதிர்க்கட்சிக்காரன் நாறடிச்சிருவான் சார். உரை வந்துச்சா?”

“உங்க தாத்தா கை நமநமங்குதுன்னார். அதுதான் உரை,” என்று போனை வைத்தார் கோமதிநாயகம்.

இஞ்ஞாசி தினமும் ஷிப்ட் முடிந்து வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். தன் தாத்தாவின் சின்ன வயசுக் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். “எங்க தாத்தாவை நான் கிழவனாத்தான் பாத்திருக்கேன் அண்ணாச்சி. வாயே தொறக்க மாட்டாரு. இவரு என்னமா வாயடிக்காரு.” சார் எப்போது அண்ணாச்சி ஆனது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சுரண்டி சுவரின் கடைசிப் பகுதிக்கு வந்த அன்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்பீக்கரில் திருமலைக்கொழுந்தின் குரல்: “லேய் சூசை, பெயிண்டு கீழ பீரங்கி மேல சொட்டுது. குழாய்ல பட்டா தோலை உரிச்சிருவான்.”

“எவன் உரிப்பான்? அவனுவளைத்தான் இறக்கி விட்டாச்சே.”

அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். “பழக்கம்லே, பழக்கம்,” என்றார் திருமலைக்கொழுந்து. “போ, என் போர்வையை எடுத்துக் குறுக்க கட்டு. கொடிக்கயித்துல மாட்டி மேல இழு, கூடாரம் மாதிரி நிக்கும்.”

“கயித்துல நம்ம கொடி பறக்குல்லா?”

“கொடியில பெயிண்டு படணுமா? அவுத்துப் பத்திரமா மடிச்சு வை. அடிச்சு முடிச்சிட்டு ஏத்திக்கலாம்.”

கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் மெதுவாக இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசிக்கு இன்னும் விளங்கவில்லை. “போர்வை என்ன கலர் அண்ணாச்சி?” என்றான்.

“கப்பற்படைப் போர்வை வே. வெள்ளை.”

அவ்வளவுதான் விஷயம். நூறு வருஷமாக ஊர் காறித் துப்பிய வெள்ளைத்துணி, பெயிண்ட் சொட்டாமல் இருக்கக் கட்டின போர்வை. கட்டச் சொன்னவர் தலைவர். வேறு எவனாவது கலகக்காரன் தன் கொடியை அழுக்காகக் கூடாது என்று இறக்கி மடித்து வைத்திருப்பானா? இவர்கள் வைத்தார்கள். கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? கொடி இறங்கிவிட்டது, வெள்ளை ஏறிவிட்டது. கோமதிநாயகம் தன்னை மறந்து சிரித்துவிட்டார். இஞ்ஞாசியும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். “எங்க அப்பாவுக்கு இதச் சொல்லணுமே,” என்றான்.

ஆனால் சுவர் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

அந்த ஒரு முழம் பாதியில் விட்ட பெயிண்ட். பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அது பாட்டுக்குக் காய்ந்திருக்கிறது. சங்கு ஊதியது. பக்கத்துக் கப்பலிலிருந்து கூச்சல். பிறகு யாரோ ஹிந்துஸ்தானியில் கத்தினான். கோமதிநாயகம் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார். “நாம சரணடைஞ்சிட்டோம்னு நினைச்சிட்டானுவ, படகு வருது, பட்டாளம் வருதுங்கான்.”

“அய்யோ, போர்வை,” என்றது சூசையின் குரல். “அண்ணே, நான் ஏறி அவுத்திடுதேன். கொடியைக் குடுங்க. இப்ப ஏத்திரலாம்.”

இரும்புத் தளத்தில் ஓடும் காலடி, அப்புறம் திருமலைக்கொழுந்தின் குரல்: “நில்லுலே.”

“படகு வந்திரும் அண்ணே.”

“வரட்டும்.”

ஒருத்தன் ஹிந்துஸ்தானியில் மெதுவாக ஏதோ சொன்னான். இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமா ஆமா என்றார்கள். “குடிக்கத் தண்ணி இல்ல, எப்படியும் சாகத்தான் போறோம், தானா வந்தது இருக்கட்டுங்கானுவ,” என்று கோமதிநாயகம் சொன்னார். அவர் குரல் இறங்கிவிட்டது.

சுவரில் ஏதோ மோதும் சத்தம். ஒரு ஆளைப் பல பேர் அமுக்கிப் பிடிக்கிற சத்தம். “விடுங்க என்னை. அண்ணே, விடச் சொல்லுங்க. கொடியைக் குடுங்க.”

“ஊர்ல போய் என்ன சொல்ல?” என்று யாரோ கேட்டான்.

“கட்டினது யாரு? சூசை. அதைச் சொல்லுங்க. பொய்யா?” என்றார் திருமலைக்கொழுந்து.

“அண்ணே, நீங்க சொல்லித்தானே கட்டினேன்.”

அதற்குப் பிறகு பெயிண்ட் காய்ந்துவிட்டது.

உதவியாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இஞ்ஞாசி ஸ்டூலில் இருந்தபடியே கேட்டான். “தாத்தாவுக்கு அப்ப எத்தனை வயசு?”

“பத்தொம்பது.”

“எங்க தாத்தா செத்தப்போ கொழுந்தையா வந்தாரு அண்ணாச்சி. கார்ல வந்து பெரிய மாலை போட்டாரு. காட்டிக்குடுத்தவன் சாவுக்கும் வந்திருக்காரே, என்ன பெரிய மனசுன்னு ஊரே பேசிச்சு. எங்க அப்பா அவரு கால்ல விழுந்தாரு.” இஞ்ஞாசி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் குழு அறையில் வெற்றிச்செழியன் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பதிவையும் கேட்டார். ஏ.சி. ஓடியும் சட்டை நனைந்துவிட்டது. முடிந்ததும் தண்ணீர் குடித்தார். கோமதிநாயகம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று முன்னமே தெரிந்தவர்போலக் காத்திருந்தார்.

“கடைசிப் பகுதி தெளிவா இல்லைல்ல சார்? இரைச்சல்னு எழுதிக் கொடுத்திடுங்களேன்.”

“பளிங்கு மாதிரி கேட்குது. இரைச்சல்னு எழுத மாட்டேன்.”

“பதிவு குழுவோட சொத்து. நகல் ஏதாவது...”

“சாட்சிப் பொருளை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்ககிட்ட இருக்கிறதுதான் எல்லாம். சுவர்ல இருந்ததும் எரிஞ்சு போச்சு.”

வெற்றிச்செழியன் முகத்தில் ரத்தம் திரும்பியது. கைப்பேசியில் எதையோ தட்டினார். எதைத் தட்டினார் என்று கேட்க வேண்டிய தேவை கோமதிநாயகத்துக்கு இல்லை. “நான் ஒண்ணும் கேவலமானவன் இல்ல சார்,” என்றார் வெற்றிச்செழியன். “அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்யணும். சூசை மிசியர் பேரையும் கல்லுல போட்டுடறேன். பதினாறு பேரும் ஒண்ணா இருக்கட்டும். நூற்றாண்டை ஒட்டி அவரைப் பெருந்தன்மையோட மன்னிக்கிறோம்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம்.”

கோமதிநாயகம் வாழ்க்கையில் எத்தனையோ அயோக்கியத்தனத்தைக் காது குளிரக் கேட்டவர். இது புது ரகம். குற்றம் செய்தவன் பேரன் குற்றமில்லாதவனை மன்னிக்கிறானாம், அதற்குத் தீர்மானமாம். சொல்லும்போதே பெருந்தன்மையில் வெற்றிச்செழியனுக்குக் கண் கலங்கியது, அதுதான் தாங்க முடியவில்லை.

இஞ்ஞாசியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாற்காலி போட்டு, முந்திரியை அவன் பக்கம் நகர்த்தினார் வெற்றிச்செழியன். விஷயத்தைத் தேன் தடவிச் சொன்னார். பேர் கல்லில் வரும், திறப்பு விழாவில் குடும்பத்துக்கு முன்வரிசை, சால்வை, திருவிழாவில் சப்பரம் தூக்குவது பற்றியும் பேசி முடித்துவிடலாம். கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் யாரும் பேச வேண்டாம்.

விழுந்துவிடுவான் என்று கோமதிநாயகம் நினைத்தார். ஏன் விழமாட்டான்? அப்பன் காலத்திலிருந்து கேட்டது இதுதானே. தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டுப் போவான். மனுஷனைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பு அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

“கல்லு செதுக்கியாச்சா?” என்று கேட்டான் இஞ்ஞாசி.

“பதினஞ்சு பேர் முடிஞ்சாச்சு. உங்க தாத்தா பேருக்கு, எங்க தாத்தா பேருக்குக் கீழயே இடம் இருக்கு. சாயங்காலமே ஆளை விட்டு...”

“வேண்டாம்.”

வெற்றிச்செழியன் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

“எங்க தாத்தா பேரு அந்தக் கல்லுல வேண்டாம்,” என்றான் இஞ்ஞாசி. குரல் உயரவில்லை. “பயந்தாங்க, சரி. பசி, தாகம், எல்லாம் சின்னப் பயலுவ. நான் இருந்தாலும் பயந்துதான் இருப்பேன். போர்வையை அவுக்காம விட்டதுக்கு நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஊருக்கு வந்தாச்சு. வெள்ளைக்காரன் போயாச்சு. பயப்பட என்ன இருந்துச்சு? அதுக்குப் பொறவு கொழுந்தையா அம்பது வருஷம் ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டு, எங்க வீட்டு வாசல் வழியா கார்ல போயிக்கிட்டு, வாயத் தொறக்கல பாத்தீங்களா. தாத்தா செத்த பொறவும் தொறக்கல, மாலை போட்டாரு. அந்தப் பேருக்குக் கீழ எங்க தாத்தா பேரு வரவேண்டாம். அவருக்கு அசிங்கம்.”

“இஞ்ஞாசி, உணர்ச்சிவசப்படாதீங்க. பேர் இல்லன்னா ஊர் பழையபடியேதான் பேசும்.”

“பேசட்டும்.” அவன் எழுந்தான். முந்திரியைத் தொடவில்லை.

கோமதிநாயகம் படியிறங்கி ஓடி அவனைச் சைக்கிள் பக்கத்தில் பிடித்தார். மூச்சு வாங்கியது. “ஏன் வே இப்படிப் பண்ணினீரு? பதிவை அழிச்சாச்சு. பேரும் போச்சு. உமக்கு மிஞ்சினது என்ன?”

“அண்ணாச்சி, பேரைப் போட்டா எல்லாத்தையும் பூசி மெழுகிரலாம். அதுக்குத்தானே அவரு துடிக்காரு. பேரு இல்லாட்டி, என்னைக்காவது ஒருத்தன் வந்து ஏன் இல்லன்னு கேப்பாம்லா? கேக்கும்போது நீங்க சொல்லுங்க.”

“ஒரு ஆள் வாய்ச்சொல்லை எவன் நம்புவான்?”

“நூறு வருஷமா ஒரு ஆள் வாய்ச்சொல்லைத்தானே ஊரு நம்பிச்சு,” என்று இஞ்ஞாசி சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

கோமதிநாயகம் அந்த வெயிலில் அப்படியே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் தப்பாகக் கணித்த ஆள் இவன் ஒருத்தன்தான். அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

திறப்பு விழா கடற்கரையில் நடந்தது. பந்தல், பேண்டு வாத்தியம், ஒன்றன்பின் ஒன்றாகப் பேச்சு. ‘அலைகளே சாட்சி’ என்று தொடங்கும் உரையை ஒரு நடிகரை வைத்துப் பேசவைத்து ஒலிபரப்பினார்கள். சனம் கைதட்டியது. பதினாறு சிங்கங்கள் என்று முழங்கினார் வெற்றிச்செழியன், பழக்க தோஷத்தில். நிபுணர் என்ற மரியாதைக்கு மேடையில் கடைசி நாற்காலியில் கோமதிநாயகம் உட்காரவைக்கப்பட்டிருந்தார். இஞ்ஞாசி பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மலர்வளையம் வைக்கக் கப்பற்படையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். வடக்கத்திப் பெண், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். மற்றவர்களைப்போல வளையத்தை வைத்துவிட்டு போட்டோவுக்குத் திரும்பவில்லை. கல்லில் இருந்த ஒவ்வொரு பேரையும் சத்தமாக வாசித்தார். கப்பலில் ஆள் எண்ணுகிற வழக்கம் அது, ஒருத்தன் குறைந்தாலும் கப்பல் நகராது. வாசித்து முடித்து, மைக்கோடு நின்ற வெற்றிச்செழியன் பக்கம் திரும்பினார்.

“பதினாறு பேர் என்று நீங்கள் சொன்னீர்கள். இங்கே பதினைந்து. ஒரு ஆள் எங்கே?”

முன்வரிசையில் யாரோ ‘வெள்ளைத்துணி’ என்று முனகினான். சிரிப்பு ஓடியது.

“அது... அந்தக் குடும்பமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம்,” என்றார் வெற்றிச்செழியன்.

“ஏன் வேண்டாம் என்றார்கள்?”

வெற்றிச்செழியனின் கண் தன்னையறியாமல் கடைசி நாற்காலிக்குப் போனது. அதிகாரியின் கண்ணும் அவர் கண்ணைப் பின்தொடர்ந்து அங்கேதான் வந்தது. கோமதிநாயகம் எழுந்தார். மேடை என்றாலே வெறுக்கிற மனுஷர், நேராக நடந்து வந்து வெற்றிச்செழியனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி மைக்கை எடுத்துக்கொண்டார்.

“அவசரப்படாம உட்காருங்க எல்லாரும்,” என்றார். “கொஞ்சம் பெரிய கதை. கப்பலுக்கு பெயிண்ட் அடிச்சதுல இருந்து ஆரம்பிக்கணும்.”